முடிவு வரும் வரையில்

புராஸ்டேட் பரிசோதனைக்குப்பின் காத்திருக்கும் நாட்களைப் பற்றிச் சில சொற்கள்

நோய் வந்தபின் மனிதன் படும் துன்பம் ஒருவகை. நோய் வந்துளதோ இல்லையோ என்று அறியாமல் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் துன்பம் பிறிதொரு வகை. முன்னதற்கு மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, செய்யவேண்டிய காரியங்கள் உண்டு. பின்னதில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததுபோல் தோன்றுகிறது. இரவில் விழித்துக் கிடப்பதும், பகலில் கைவேலை தடுமாறுவதும், எவரிடமும் சொல்லாமல் மென்று விழுங்குவதுமே அந்நாட்களின் இயல்பாகி விடுகின்றன.

50 வயதைக் கடந்த ஆடவர் பலர் இன்று இத்தகைய ஒரு காத்திருப்புக்கு ஆளாகின்றனர். சிறுநீர் தயங்கி வருகிறது என்றோ, இரவில் பலமுறை எழ நேர்கிறது என்றோ மருத்துவரிடம் செல்கின்றனர். இரத்தம் எடுத்துப் பார்க்கப்படுகிறது. "புராஸ்டேட் அளவு கூடியிருக்கிறது; எதற்கும் புற்றுநோயா என்று பார்த்துவிடுவோம்" என்ற சொல் காதில் விழுகிறது. அச்சொல்லுக்கும் இறுதி முடிவுக்கும் இடையே சில வாரங்கள், சில வேளை இரண்டு மூன்று மாதங்கள் கழிகின்றன. அந்த இடைக்காலத்தை எவ்வாறு கடப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தறியில் அமர்வோரும் வயலில் உழைப்போருமாகிய நம் அங்கத்தினரில் முதியோர் பலர் இவ்வுறுப்பைப் பற்றிப் பேசவே கூசுவர். கூச்சம் வாயை அடைக்கிறது. அடைபட்ட அச்சம் உள்ளே பெருகுகிறது. இறுதியில், முடிவை வாங்கவே செல்லாமல் இருந்துவிடுவோரும் உளர். ஆதலின் இதனை ஒளிவு மறைவின்றி எழுதுதல் நன்றெனக் கருதுகிறோம்.

உறுப்பும் அதன் இயல்பும்

புராஸ்டேட் என்பது ஆடவர்க்கு மட்டும் அமைந்த ஒரு சிறு சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வெளிவரும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் இருக்கிறது. விந்துவில் கலக்கும் நீரில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் தொழில். இளமையில் சிறிதாக இருக்கும் இது, வயது ஏற ஏறப் பெருத்துவருதல் பெரும்பாலோர்க்கு இயல்பு. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட ஆடவரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 80-ஐக் கடந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்கும் இவ்வீக்கம் காணப்படும். இது புற்றுநோய் அன்று; நாளடைவில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

இவ்வீக்கம் குழாயை நெருக்குவதால் சிறுநீர் தயங்குவதும், இரவில் அடிக்கடி எழ நேர்வதும் உண்டாகின்றன. தொடக்க நிலையில் உள்ள புற்றுநோயோ பெரும்பாலும் எக்குறியும் காட்டுவதில்லை. ஆகவே சிறுநீர்த் தொல்லை உண்டு என்பதனாலேயே புற்றுநோய் என்று முடிவு கட்டிக் கலங்குதல் வேண்டா. தொல்லை ஒன்றும் இல்லையே என்று கூறி, மருத்துவர் சொல்லும் பரிசோதனையைத் தட்டிக் கழித்தலும் ஆகாது.

எண் சொல்வதும் சொல்லாததும்

இச்சுரப்பி உண்டாக்கும் ஒருவகைப் புரதம் சிறிதளவு இரத்தத்தில் கலக்கிறது. அதனை அளப்பதே பி.எஸ்.ஏ. என்னும் பரிசோதனை. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று கணக்கிடுவர். நெடுங்காலமாக 4 என்பதே எல்லையாகக் கொள்ளப்பட்டு வந்தது. வயதுக்குத் தக்கவாறு எல்லையை மாற்றிக் கொள்ளும் மருத்துவரும் இன்று உளர். அமெரிக்க அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், நோயுற்றோரைக் கண்காணிப்பதற்காக 1986-ஆம் ஆண்டிலும், நோயைக் கண்டறிய உதவும் பொருட்டு 1994-ஆம் ஆண்டிலும் இப்பரிசோதனைக்கு இசைவளித்தது.

இவ்வெண்ணைக் கையில் வாங்கியவர் முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு. சுரப்பிக்கு எந்தத் தொல்லை நேர்ந்தாலும் எண் ஏறும். வயதினால் வரும் வீக்கம், சுரப்பியின் அழற்சி, சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று, சிறுநீர் இறங்குவதற்காகக் குழாய் செலுத்தியிருத்தல் ஆகிய யாவும் எண்ணை உயர்த்தக்கூடியவை. முந்திய இரண்டு நாட்களில் விந்து வெளிப்பட்டிருந்தாலும், சைக்கிளில் நெடுந்தொலைவு சென்றிருந்தாலும் சற்று ஏறக்கூடும். மறுபுறம், வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு என்னும் மாத்திரைகளைப் பல மாதம் உட்கொண்டவர்க்கு எண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காணும். ஆதலின் உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். எண் கூடியிருந்தால், சில வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். இரண்டாம் முறையில் எண் இறங்கிவிடுவோரும் உண்டு.

எண் 4-க்கும் 10-க்கும் இடையே உள்ளோருக்குச் சதை எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகிறது. 10-ஐத் தாண்டியோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காணப்படுகிறது. 4-க்குக் கீழ் உள்ளவர்க்கு நோய் அறவே இராது என்றும் துணிந்து கூறுதற்கில்லை. ஆகவே இவ்வெண் மேலும் பார்க்கவேண்டும் என்று மட்டுமே சொல்லுகிறது.

அடுத்துவரும் படிகள்

இன்று பல மருத்துவமனைகளில் சதை எடுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. என்னும் படம் எடுத்துப் பார்க்கின்றனர். படத்தில் ஐயத்துக்குரிய இடத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுவர். 1, 2 என்றால் ஐயம் குறைவு, 3 நடுத்தரம், 4, 5 என்றால் மிகுதி. 2018-ஆம் ஆண்டில் வெளியான, 500 ஆடவர் பங்குகொண்ட ஒரு பன்னாட்டு ஆய்வில், முதலில் படம் எடுத்துக்கொண்டோரில் 100-க்கு 28 பேருக்குச் சதை எடுக்கவே தேவைப்படவில்லை.

சதை எடுக்கவேண்டி வந்தால், மரத்துப்போகும் மருந்து கொடுத்து, மெல்லிய ஊசியால் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சிறு துணுக்குகள் எடுப்பர். ஆசன வழியாகவோ, ஆசனத்துக்கும் விதைப்பைக்கும் இடைப்பட்ட தோலின் வழியாகவோ ஊசி செலுத்தப்படும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னர்ச் சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்துவிலும் இரத்தம் கலந்து வரலாம். அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலும் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

முடிவு வர ஒன்று இரண்டு வாரங்கள் ஆகும். ஏன் இத்தனை நாட்கள் என்று மனம் துடிக்கும். துணுக்குகளைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். சில வேளை வேறு சாயம் ஏற்றி மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். சாயமிடுதலில் அவசரம் செய்தால் நூல் என்னவாகும் என்பதை நம்மில் அறியாதார் யார்? முடிவு தாமதிப்பது கெட்ட செய்தியின் அடையாளம் என்று எண்ணுதல் வீண் கலக்கமே.

அறிக்கையில் க்ளீஸன் எண் என்று ஒன்று காணப்படலாம். அமெரிக்க மருத்துவர் டொனால்டு க்ளீஸன் என்பார் 1960-களில் வகுத்த முறை இது. நோயின் வேகத்தைக் குறிக்கும் இவ்வெண் இன்று வழக்கமாக 6 முதல் 10 வரை எழுதப்படுகிறது. 6 என்று கண்டவுடன், பத்தில் ஆறு பங்கு முற்றிவிட்டது என்று அஞ்சுவோர் உண்டு. உண்மையில் 6 என்பதே மிகக் குறைந்த படி.

நோய் உண்டு என்றே வந்தால்

பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டு முதல் 2009 வரை, 50-க்கும் 69-க்கும் இடைப்பட்ட ஆடவர் 82,000 பேருக்கு மேல் பி.எஸ்.ஏ. பார்க்கப்பட்டது. சுரப்பியை விட்டு வெளியே பரவாத புற்றுநோய் காணப்பட்டோரில் 1,643 பேர் ஓர் ஆய்வுக்கு இசைந்தனர். குலுக்கல் முறையில் அவர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு உடனே சிகிச்சை செய்யாமல் கண்காணித்து வந்தனர். ஒரு பிரிவினர்க்கு அறுவை செய்தனர். மற்றொரு பிரிவினர்க்குக் கதிர்ச் சிகிச்சை அளித்தனர். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பிந்திய நிலை 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1,643 பேரில் இந்நோயினால் இறந்தவர் 45 பேர். அதாவது 100-க்கு மூவருக்கும் குறைவு. மூன்று பிரிவுகளுக்கும் இதில் பெரிய வேற்றுமை இல்லை. எனினும் கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 100-க்கு ஒன்பது பேருக்கும், மற்ற இரு பிரிவுகளிலும் 100-க்கு ஐந்து பேருக்கும் நோய் உடலில் பரவியிருந்தது.

இக்கணக்கு தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டோர்க்கு உரியது என்பதை மறத்தலாகாது. வேகமாகப் பரவும் வகையும் உண்டு. எலும்புக்குப் பரவியபின் மருத்துவரிடம் வருவோர் நம் நாட்டில் பலர். ஆகவே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பொருள் இது: சுரப்பிக்குள்ளேயே நிற்கும் நோயைப் பொறுத்தவரை, முறையாகப் பார்த்து முடிவு சொல்வதற்காகக் கழியும் சில வாரங்களால் பெரும்பாலும் கேடு நேர்வதில்லை. பயந்து ஒளிந்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதனால் கேடு நேரும்.

கவலையின் வேர்

இவ்வளவும் அறிந்த பின்னரும் இரவில் உறக்கம் வாராது. அது கோழைத்தனம் அன்று. மனித மனத்தின் அமைப்பே அத்தகையது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கொண்டு நடத்திய ஒரு சோதனை 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கணிப்பொறி விளையாட்டொன்றில் கல்லின்கீழ்ப் பாம்பு இருக்குமா இராதா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று மின்னதிர்ச்சி பாயும். அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று அறிந்தபோது இருந்த மனநெருக்கடியைவிட, உண்டோ இல்லையோ என்று பாதிக்குப் பாதி ஐயமாக இருந்தபோது நெருக்கடி மிகுதியாக இருந்தது. வியர்வையும் கண்மணியின் விரிவுமே அதற்குச் சான்றாயின. அறியாமையாகிய அந்த நிலையே தனியொரு சுமை என்பது இதனால் விளங்குகிறது. கவலை மிகுந்திருப்பதனால் நோயும் மிகுந்திருக்கும் என்று எண்ணற்க.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் கேட் ஸ்வீனி என்பார், சட்டத் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த 230 பட்டதாரிகளை ஆராய்ந்தார். கவலையை அடக்க அவர்கள் கையாண்ட உபாயங்கள் பெரும்பாலும் பயன் தரவில்லை என்று 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும் கவலையோடு காத்திருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதனை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கினர். எனவே, 'நான் ஏன் இப்படிக் கலங்குகிறேன்' என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளல் வேண்டா.

அவருடைய குழுவினர் பின்னர் வேறொன்றும் கண்டனர். தம்மை மறந்து ஈடுபடும் ஒரு வேலையில் அமர்ந்தோர்க்குக் காத்திருக்கும் காலம் எளிதாகக் கழிந்தது. வேலை மிக எளிதாயின் மனம் அலையும்; மிகக் கடினமாயின் சலிப்பு உண்டாகும்; கைத்திறனுக்குச் சற்று மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். இதனை நாம் தறியிலேயே காணலாம். பல்லாண்டு பழகிய வெள்ளை வேட்டியைக் கை தானே நெய்துவிடும். மனம் மருத்துவமனை வாயிலில் போய் நிற்கும். புதிய கரை ஒன்றை இழை எண்ணி நெய்கையில், எண்ணிக்கை தவறாதிருக்க மனமும் தறியிலேயே இருந்தாக வேண்டும். வயலிலும் அப்படியே, ஒட்டுக் கட்டுதலும் நாற்றங்கால் பார்த்தலும் மனத்தைக் கட்டி நிறுத்தும். இந்நாட்களில் வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பதைவிட, உடல் இடந்தரும் அளவுக்கு இத்தகைய வேலை ஒன்றைத் தேடிக்கொள்வதே நன்று.

செய்யத் தக்கன

முதலாவது, ஒருவரிடமேனும் சொல்லுதல். மனைவியிடம் மறைப்போரே மிகுதி. ஆனால் உணவு குறைவதையும், இரவில் எழுந்து உட்காருவதையும் அவ்வம்மையார் முதல் நாளே கண்டிருப்பார். காரணம் அறியாமையால் கடனோ, சண்டையோ, வேறு என்னவோ என்று அவர் படும் கவலை இதனினும் பெரிதாயிருக்கும். கேட்பவர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. "அதெல்லாம் ஒன்றும் இராது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடாமல், "எப்போது போகவேண்டும்? நானும் வருகிறேன்" என்று கேட்பாராக. அந்த ஒரு சொல் பெரும் ஆறுதல்.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு. முடிவு எந்த நாளில் வரும், யார் சொல்வார், வாராவிடில் எங்கே கேட்பது என்பவற்றை மருத்துவமனையிலேயே கேட்டு எழுதிக்கொள்க. மனத்தில் எழும் கேள்விகளையும் அவ்வப்போது அதில் எழுதி வருக. பழைய மருந்துச் சீட்டுகள், அறிக்கைகள், அரசின் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் சேர்த்து வைத்தல் நன்று.

மூன்றாவது, கவலைக்கு ஒரு நேரம் குறித்தல். அமெரிக்க உளவியலார் தாமஸ் போர்கோவெக் முதலியோர் 1983-ஆம் ஆண்டில் ஆய்ந்து எழுதிய முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் அரைமணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கவேண்டும். மற்ற வேளையில் கவலை எழுந்தால், 'மாலை பார்த்துக்கொள்வோம்' என்று தள்ளிவைக்க வேண்டும். படுக்கையை அதற்கு இடமாக்கலாகாது. நள்ளிரவில் கைப்பேசியை எடுத்து நோயைப் பற்றித் தேடிப் படிப்பதும் ஆகாது; அந்நேரத்தில் கண்ணில் படுவனவெல்லாம் கெட்டவையாகவே தோன்றும்.

நான்காவது, பெரிய முடிவுகளை ஒத்திவைத்தல். நிலத்தை விற்பதும், அவசரக் கடன் வாங்குவதும், மகளின் திருமணத்தைப் பதைத்து முடிப்பதும் இந்நாட்களில் வேண்டா. நோய் உண்டோ என்பதே தெரியாத நிலையில், இறந்துவிடுவோம் என்ற கணக்கில் குடும்பக் காரியங்களைத் தீர்மானித்தல் பின்னர்த் துயர் தரும்.

ஐந்தாவது, எண்ணைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை நாடாதிருத்தல். 35,000 பேருக்கு மேல் பங்குகொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுக்கப்பட்ட வைட்டமின் ஈ மாத்திரை நோயைச் சற்று மிகுவித்தது என்று 2011-ஆம் ஆண்டில் கண்டனர். நல்லது என்று தோன்றுவதெல்லாம் நல்லதாக முடிவதில்லை.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் உணவும் உறக்கமும் அற்றுப் போயினும், உயிர் வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், அதனை மருத்துவரிடம் உடனே சொல்லுதல் வேண்டும். இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு, 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

முடிவு வரும் நாளில்

அந்நாளில் தனியே செல்லாதிருத்தல் நன்று. நோய் என்ற சொல் காதில் விழுந்தபின் சொல்லப்படுவன பெரும்பாலும் மனத்தில் பதிவதில்லை. உடன் வந்தவர் கேட்டு எழுதிக்கொள்வார். நோய் இல்லை என்று வந்தால், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டுவிட்டே எழவேண்டும். நோய் உண்டு என்று வந்தால் மூன்று கேள்விகள் போதும்: சுரப்பிக்குள்ளேயே உளதா, வெளியே பரவியுளதா? அதன் தரம் என்ன? கண்காணித்தல் உள்ளிட்ட எவ்வழிகள் எனக்கு உள்ளன? விடையை அங்கேயே ஏற்று ஒப்பமிட வேண்டும் என்பது பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு வந்து கலந்து பேசி, வேண்டுமாயின் வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு முடிவு செய்ய இடமுண்டு.

இன்று நம்மிடையே எவரேனும் அத்தகைய ஒரு முடிவுக்காகக் காத்திருக்கலாம். சங்கத்தில் நூல் வாங்க வரிசையில் நிற்கையில் அவர் நம் அருகிலேயே நின்றுகொண்டும் இருக்கலாம். அவர் முகம் வாடியிருப்பது கண்டால் ஒரு வார்த்தை கேட்போமாக. காத்திருப்பவரோ, முடிவு வரும் நாளில், எதுவாயினும், சென்று அதனைக் கையில் வாங்கி வருவாராக.